போர்தோ 2024 வைன் ஒரு பெட்டி முன்பதிவில் வாங்கலாமா? விலை இறங்கியிருக்கிறதாம்

கணக்குப்பிள்ளை06 (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். மதுபானம் பற்றிய கேள்வி இது. பிடிக்காதவர்கள் கோபிக்காமல் கடந்து போங்கள்.

என் மகன் 2024 ஒக்டோபரில் பிறந்தான். லண்டன் ஹரோவில் இருக்கும் அத்தான் ஒரு யோசனை சொல்கிறார். பிள்ளை பிறந்த வருடத்து, பிரான்சின் போர்தோ பகுதி வைன் ஒரு பெட்டி வாங்கி அங்கேயே கிடங்கில் போட்டுவிட்டால், அவனுக்கு 21 வயதாகும்போது திறக்கலாமாம், இல்லாவிட்டால் விற்றுக் காசாக்கலாமாம். இன்னும் போத்தலில் அடைக்காத வைனாம். இப்போது காசு கட்டினால் இரண்டு வருடம் கழித்துத்தான் கையில் வரும். சென்-ஜூலியன் என்ற ஊரில் பெயர் போன ஒரு ஷாத்தோவின் (சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் வைன் ஆக்கும் நிறுவனம்) ஆறு போத்தல் 240 பவுண், வரி சேர்க்காமல். பவுணுக்கு நானூறு ரூபாய் என்று வைத்தால் தொண்ணூற்றாறாயிரம்.

"விலை இவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை, இப்போதே பிடி" என்கிறார். நான் கணக்காளன். விலை இறங்கிய பிறகும் ஆட்கள் ஏன் வாங்க ஓடவில்லை என்பதுதான் என் தலையில் நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வைன் குடிப்பதே வருடத்தில் இரண்டு தரம், அதுவும் கலியாண வீட்டில்.

செட்டியார்தெரு

தம்பி, பவுண் வாங்குங்கள். நான் சொல்வது அந்தப் பவுண் இல்லை, எட்டுக் கிராம் பவுண். புளிக்காது, உடையாது, கிடங்கு வாடகையும் இல்லை.

பழைய தேயிலைக்காரன்

பவுண்காரர் சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் கேட்ட கேள்வி வைன் பற்றியது, அதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் கொழும்புத் தேயிலை ஏலத்தில் ஒரு தரகுக் கம்பனியில் 26 வருடம் இருந்தவன். ஒரு காலையில் முந்நூறு கோப்பை சுவைத்துத் துப்பிய வாய் இது. 2011இல் ஆசைப்பட்டு இதே போர்தோ முன்பதிவில் காசு போட்டு, பாடமும் படித்தேன். அந்தக் கதை பிறகு. முதலில் அந்தச் சந்தை நடக்கும் விதம்.

நம்முடைய ஏலத்தில் தேயிலை ஆக்கி முடித்து, சாக்கில் கட்டி, லொட் இலக்கம் போட்ட பிறகுதான் மாதிரி வரும். வாங்குபவர் எந்தத் தேயிலையை வாங்கப் போகிறாரோ அதையே சுவைக்கிறார். பிடிக்காவிட்டால் விலை கேட்காமல் இருப்பார். விலை அந்த ஏலத்தில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

போர்தோவில் எல்லாம் தலைகீழ். செப்டெம்பர், ஒக்டோபரில் திராட்சை வெட்டுகிறார்கள். அடுத்த ஏப்ரல் மாதமளவில், வைன் இன்னும் 225 லீற்றர் மரப் பீப்பாயில் கிடக்கும்போதே உலகத்து வியாபாரிகளையும் விமர்சகர்களையும் கூப்பிட்டு மாதிரி கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷாத்தோவும் தன் விலையைத் தானே அறிவிக்கும். இதைத்தான் ஆன் ப்ரிமர் என்கிறார்கள். ஏலம் கிடையாது. ஷாத்தோவிடமிருந்து கூர்த்தியே என்ற தரகர் வழியாக நெகோசியாங் என்ற மொத்த வியாபாரிக்குப் போகும். தரகருக்கு நூற்றுக்கு இரண்டு. அங்கிருந்து லண்டன், ஹொங்கொங், நியூயோர்க் வியாபாரிகளுக்கு. கடைசியில் உங்கள் அத்தானின் மின்னஞ்சலுக்கு.

இதில் ஒரு பிடி இருக்கிறது. நெகோசியாங்குக்கு வருடா வருடம் இவ்வளவு பெட்டி என்று ஒதுக்கீடு உண்டு. சுமாரான வருடத்தில் வேண்டாம் என்று சொன்னால், நல்ல வருடத்தில் அந்த ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் விற்குமா என்ற சந்தேகத்தோடேயே வாங்கி அடுக்குவார். வட்டி ஒன்றுமே இல்லாத காலத்தில் அது வலிக்கவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி பூச்சியத்துக்குக் கீழே இருந்து 2023இல் நான்கு சதவீதத்துக்கு ஏறியதும் கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு பெட்டியும் கடன் தின்னத் தொடங்கியது. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான் தம்பி. விலை இறங்கியும் வாங்க ஆள் இல்லை என்றால், வாங்க வேண்டியவர்களின் கிடங்கு ஏற்கனவே நிரம்பியிருக்கிறது.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். முன்பதிவில் வாங்குபவன் இரண்டு வருடம் காசை முடக்குகிறான், முடியாத வைனை நம்பி வாங்குகிறான். அதற்குக் கூலியாக விலை குறைவாக இருக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு வைனை ரொபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வைன் விமர்சகர் தூக்கிப் பிடித்தார். அன்றைக்கு வாங்கியவர்கள் நல்ல லாபம் கண்டார்கள். 2009 வசந்தத்தில், உலகம் வங்கி நெருக்கடியில் கிடந்தபோது, 2008 வைனைக் குறைந்த விலைக்கு விட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்புதான், 2008 பெப்ரவரியில், ஹொங்கொங் வைன் தீர்வையை முழுதாக எடுத்துவிட்டிருந்தது. சீனாவின் காசு உள்ளே வந்தது. ஷாத்தோ லஃபீத் தன் 2008 போத்தலில் சீன எழுத்தில் எட்டு என்று பொறித்தது. எட்டு அவர்களுக்கு அதிர்ஷ்ட எண். செய்தி வெளியானதும் விலை எகிறியது.

பிறகு ஷாத்தோக்காரர்கள் யோசித்திருப்பார்கள்: இந்த லாபம் எல்லாம் வாங்கியவனுக்கு ஏன் போக வேண்டும்? 2009, 2010 இரண்டும் அருமையான வருடங்கள். விலையை வானத்துக்கு ஏற்றினார்கள். நான் போய் விழுந்தது அந்த 2010இல்தான். 2011 நடுப்பகுதியோடு சந்தை சரிந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் சீனாவில் அதிகாரிகளுக்குப் பரிசு கொடுப்பதை நெருக்கத் தொடங்கியதும் லஃபீத் போன்றவற்றுக்கு இருந்த பெரிய வாசல் ஒன்று ஒடுங்கிப் போனது. லதூர் என்ற இன்னொரு பெரிய ஷாத்தோ 2012இலேயே இந்த முன்பதிவு முறையை விட்டு வெளியேறிவிட்டது. வைனைத் தானே வைத்திருந்து, குடிக்கும் பருவம் வந்த பிறகு விற்கிறது. முன்பதிவுக்காரனின் லாபத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வேலை, வேறென்ன.

சரி, என் கதை. பொய்யாக் (ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்) ஊரின் ஒரு ஷாத்தோ. ஆறு போத்தல் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 450 பவுண். அப்போது பவுண் 176 ரூபாய் அளவில் இருந்தது. லண்டனில் ஒரு வியாபாரி மூலம் வாங்கிக் கிடங்கில் போட்டேன். 2016இல் மகளின் கலியாணத்துக்குக் காசு தேவைப்பட்டு ஒரு பெட்டியை விற்கச் சொன்னேன். 310 பவுண் வந்தது, அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன். கிடங்கு வாடகையையும் கழித்துப் பாருங்கள். இத்தனைக்கும் விமர்சகர்கள் எல்லோரும் கொண்டாடிய வருடம் அது. வைனில் குறை இல்லை, நான் கொடுத்த விலையில்தான் குறை.

இரண்டாவது பெட்டியை 2023இல் விற்றேன், கழிவெல்லாம் போகக் கையில் 430 பவுண். அங்கேயும் நட்டம்தான். ஆனால் பவுண் நானூறு ரூபாய்க்குப் போயிருந்தது! எழுபத்தொன்பதாயிரம் ரூபாய் போட்டு ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் எடுத்தேன். மனைவி நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. அந்தப் பெட்டியில் வைனுக்குப் பதிலாகச் செங்கல் இருந்து, அதை 450 பவுணுக்கு யாராவது திருப்பி எடுத்திருந்தால் இன்னும் கூட லாபம்.

கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயா, வைன் பழசாகப் பழசாக விலை ஏறும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அப்படியென்றால் 2024 விலை எப்படியும் 2014ஐ விடக் குறைவாகத்தானே இருக்கும்?

பழைய தேயிலைக்காரன்

இருக்க வேண்டும். இருப்பதில்லை, அதுதான் சிக்கல்.

ஒரு நல்ல உதாரணம் 2019 வைன். 2020இல் கொரோனா வந்து ஏப்ரல் சுவைப்பே ஒழுங்காக நடக்கவில்லை. போன்தே-கனே என்ற ஷாத்தோ முந்தைய ஆண்டை விட 31 சதவீதம் குறைத்து முதலில் விலையை அறிவித்தது. மற்றப் பெரிய ஷாத்தோக்கள் பலவும் வேறு வழியில்லாமல் குறைத்தன. ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதாவது விலை சரியாக இருந்தால் தேவை வருகிறது. 2022 வைனுக்கு என்ன செய்தார்கள்? நல்ல வெயில் வருடம், அருமையான வைன் என்று திரும்ப ஏற்றினார்கள். 2023இல் அடி விழுந்தது. லஃபீத் 2023க்கு முந்தைய வருடத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, 2024க்கு அதிலிருந்தும் கால் பங்குக்கு மேல். அத்தான் சொல்லும் வீழ்ச்சி இதுதான், அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் புது விலையைப் போன வருடத்து விலையோடு ஒப்பிட்டால் வியாபாரிக்குத்தான் நல்லது. ஒப்பிட வேண்டியது கடையில் இன்றைக்குக் கிடக்கும் பழைய ஆண்டுகளோடு. சந்தை 2022இன் கடைசியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்ததால் போத்தலில் இருக்கும் பழைய வைனும் சேர்ந்து இறங்கிவிட்டது. அதற்கு மேல் அமெரிக்கா 2025இல் ஐரோப்பியச் சரக்குக்கு முதலில் 10, பிறகு 15 சதவீதத் தீர்வை போட்டது. நடுவில் 200 சதவீதம் என்ற மிரட்டல் வேறு. அமெரிக்க இறக்குமதியாளர் எப்படித் துணிந்து ஓடர் போடுவார்?

கணக்குப்பிள்ளைத் தம்பி, அத்தானிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாருங்கள். அதே ஷாத்தோ, அதே ஆறு போத்தல், அதே வரியில்லாக் கணக்கு. 2014, 2017, 2019, 2020 இன்றைக்கு என்ன விலை? அது தெரியாமல் 240 பவுண் மலிவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, இது சும்மா சொல்கிறேன். 1855இல் பரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வைன்களைத் தரவரிசைப்படுத்தினார்கள். இன்றைக்கும் ஐந்து தரம் என்று லேபிளில் பெருமையாகப் போடுகிறார்களே, அதுதான். அந்த வரிசையைப் போட்டவர்கள் தரகர்கள். எதை வைத்துப் போட்டார்கள் தெரியுமா? நீண்ட காலம் எந்த வைன் எந்த விலைக்கு விற்றது என்பதை வைத்து. எங்கள் தொழில்காரர்கள் செய்த வேலை என்பதால் எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

பார்_பொடியன்

நான் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வைன் பகுதியைப் பார்க்கிறேன். சந்தைக் கதையைப் பெரியவர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது இந்தப் பக்கம் மட்டும்.

அண்ணா, என்ன வாங்கினாலும் இங்கே கொண்டுவந்து வைக்க நினைக்காதீர்கள். இந்த வைனுக்கு 12, 13 பாகை சூடு வேண்டும், ஏறாமல் இறங்காமல். நம் வீட்டு அலுமாரியில் 30 பாகை. ஒரு வருடத்தில் தக்கை மேலே தள்ளிக்கொண்டு வரும், உள்ளே அவித்த பழம் போல ஒரு ருசி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு நடந்ததே, எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் வைன் குளிரூட்டி வைத்திருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்து கடைசியில் விட்டுவிட்டார். பிறகு அந்தப் போத்தல்களில் இரண்டை எங்களிடம் கொண்டுவந்து திறந்தோம். ஒன்று சரி. மற்றதை இறைச்சிக் குழம்புக்குக் கொடுத்தோம்.

இங்கே விற்றுக் காசாக்கவும் முடியாது. இறக்குமதித் தீர்வை, கலால் வரி, அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி. அதெல்லாம் கட்டிக் கொண்டுவந்த போத்தலை யார் வாங்குவார்? நம் ஊரில் "வைன் ஸ்டோர்ஸ்" என்ற பலகைக்குப் பின்னால் விற்பது சாராயம்தானே. எங்கள் பட்டியலில் பெரிய போர்தோ நாலைந்து இருக்கிறது. அழகுக்கு. கிளாஸ் கணக்கில் ஓடுவது சிலி, அவுஸ்திரேலியா. லஃபீத் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் பெரும்பாலும் சீன விருந்தினர்கள், அதுவும் இப்போது குறைவு. விலையைப் பார்த்துவிட்டு அதே குழுமத்தின் சாதாரண வைன் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

2024 வைனை நான் குடித்ததில்லை. ஆனால் மழை வருடம், கொடியில் பூஞ்சணம் பிடித்து விளைச்சல் குறைந்தது, இளசாகவே குடிக்கக்கூடிய மெல்லிய வைன் என்றுதான் சுவைத்தவர்கள் பேசுகிறார்கள். 21 வருடம் தாங்குமா என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள் அண்ணா.

கொட்டாஞ்சேனைக்காரன்

விளைச்சல் குறைந்தால் விலை ஏற வேண்டாமா? தேங்காய்க்கு அப்படித்தானே ஏறியது!

பழைய தேயிலைக்காரன்

தேங்காய் இல்லாமல் சமைக்க முடியாது தம்பி. போர்தோ இல்லாமல் உலகம் நடக்கிறது.

போர்தோ என்றால் பெயர் போன சில நூறு ஷாத்தோ மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான சாதாரண தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். சாதாரண சிவப்பு வைனைக் குடிப்பவர்கள் பிரான்சிலேயே குறைந்துவிட்டார்கள். 2023இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுத்துக் கொடியைப் பிடுங்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 9,500 ஹெக்டேருக்குத் திட்டம் போட்டார்கள். கீழே கொடியைப் பிடுங்குகிறார்கள், மேலே ஒரு போத்தல் நூற்றுக்கணக்கான யூரோ. ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு சந்தை. நம்மிடமும் அப்படித்தான். கச்சான் காற்று அடிக்கும் ஓகஸ்டில் ஊவாவில் வரும் நல்ல லொட்டுக்கு வாங்குபவர்கள் அடிபடுவார்கள். அதே கிழமை சாதாரணத் தூள் கேட்பாரற்றுக் கிடக்கும்.

பார்த் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காசை வாங்கிவிட்டு, வைன் வருவதற்கு முன்பே கம்பனி மூடிய கதைகள் லண்டனில் உண்டு. இரண்டு வருடம் உங்கள் கையில் இருப்பது ஒரு பற்றுச்சீட்டு மட்டும். கிடங்கில் பெட்டி யார் பெயரில் பதிவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். வியாபாரியின் பெயரில் என்றால் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை06 (வெள்ளவத்தை)

அத்தானிடம் கேட்டேன். முதலில் கொஞ்சம் கடுப்பானார், பிறகு அவரே உட்கார்ந்து விலை தேடி அனுப்பினார். அதே ஷாத்தோ, ஆறு போத்தல், வரியில்லாமல்:

2014 வைன் 250 பவுண். 2017 வைன் 225. 2019 வைன் 280. 2020 வைன் 290. பீப்பாயில் கிடக்கும் 2024 வைன் 240.

அதாவது பதினைந்து பவுண் குறைவாக, குடிக்கத் தயாரான 2017 இன்றைக்கே கிடைக்கிறது. 2014க்கும் இதற்கும் பத்துப் பவுண் வித்தியாசம், அதில் இத்தனை வருடக் கிடங்கு வாடகையை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். விலைகளை ஒரு எக்செல் தாளில் போட்டு அத்தானுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். எனக்கு மகன் பிறந்த வருடம்தான் வேண்டும். 2017 எவ்வளவு மலிவாக இருந்தும் அதில் 2024 என்று எழுதியிருக்காதே.

பழைய தேயிலைக்காரன்

அப்படியென்றால் லாபக் கணக்கை விடுங்கள், இது ஞாபகப் பொருள். ஞாபகப் பொருளுக்கும் அவசரப்படத் தேவையில்லை. இந்த நிலையில் 2024 தீர்ந்துபோய்விடும் என்று நான் நம்பவில்லை. போத்தலில் வந்த பிறகு, 2027இல் வாங்குங்கள். அதே விலையாக இருக்கும், குறைந்தாலும் ஆச்சரியமில்லை. முன்பதிவின் உண்மையான நன்மை ஒன்றுதான், போத்தல் அளவை நாமே தெரிவு செய்யலாம். மக்னம் என்று ஒன்றரை லீற்றர் போத்தல் இருக்கிறது. பெரிய போத்தலில் வைன் மெதுவாக முதிரும், 21 வருடம் என்றால் அதுதான் புத்தி. பிறகு தேடினால் மக்னம் கிடைப்பது கொஞ்சம் சிரமம், ஆனால் கிடைக்கும்.

பார்_பொடியன்

சோத்தேர்ன் இனிப்பு வெள்ளை வைனையும் பாருங்கள் அண்ணா. சீனி அதிகம், நல்லதென்றால் இருபது முப்பது வருடம் சும்மா நிற்கும். இனிப்பு வைனைக் கேட்பவர்கள் குறைந்துபோனதால் அதன் தரத்துக்கு விலையும் குறைவு. அரைப் போத்தலிலும் வருகிறது. அண்ணிக்கும் பிடிக்கும்.

செட்டியார்தெரு

இவ்வளவு எழுதி முடிப்பதற்குள் பவுண் விலை ஏறிவிட்டது. நான் எந்தப் பவுணைச் சொல்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை06 (வெள்ளவத்தை)

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. பெட்டி வேண்டாம் என்று அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். 2027இல் ஒரு மக்னம், அதுவும் கிடங்கில் அத்தான் பெயரில் பதிவாக வேண்டும். தனி ஒரு மக்னத்துக்குக் கிடங்கில் இடம் கொடுப்பார்களா, இல்லை மூன்றாகத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. செட்டியார் தெரு அண்ணா, முதலாவது பிறந்தநாளுக்கு மாமியார் அரைப் பவுணில் சங்கிலி போட்டுவிட்டார், அந்தப் பக்கமும் கணக்குச் சரி.